முதல் ஒரு மணி நேரம்: மேடவாக்கம் வியாபாரிகளிடம் பேசியது

மேடவாக்கம் கூட்டுரோட்டில் டீக்கடை, மெடிக்கல், மாவு மில் எங்கே போனாலும் கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒரு க்யூஆர் அட்டை, ஒரு சவுண்ட் பாக்ஸ். உங்க கல்லா இப்போ போனுக்குள்ள இருக்கு. திருடனும் அந்த வழியாத்தான் வர்றான்.

2022-ல் ஒரு குறுஞ்செய்தி ஊரெல்லாம் சுற்றியது ஞாபகம் இருக்கா? போன மாத மின் கட்டணம் அப்டேட் ஆகவில்லை, இன்று இரவு 9.30 மணிக்கு இணைப்பு துண்டிக்கப்படும், இந்த அதிகாரியிடம் பேசவும் என்று. கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க. நம்ம வீடுகளுக்கு மின் கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. 'போன மாத பில்' என்ற பேச்சே இங்கே கிடையாது! ஆனா ராத்திரி கரண்ட் போயிடும்னு பயம் வந்தா யார் அதையெல்லாம் யோசிப்பாங்க? அந்த எண்ணுக்குப் பேசினால் ஒரு ஆப் இறக்கச் சொல்வார்கள். உங்க திரையை அவர்கள் அங்கிருந்தே பார்க்கும் ஆப் அது. பத்து ரூபாய் கட்டுங்க என்பார்கள். நீங்க அடிக்கிற விவரமும் வர்ற ஓடிபியும் அவர்கள் கண்ணில் பட்டுவிடும்.

இப்போ அதே வேலை வேறு வேஷத்தில் நடக்குது. உங்க வண்டிக்கு சலான் என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஏபிகே கோப்பு வரும். நிறுவி, எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கொடுத்துட்டா ஓடிபி நேரா அவன்கிட்ட போயிடும். சலான் இருக்கான்னு பரிவாகன் இணையதளத்தில் நீங்களே பார்த்துக்கலாம். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் எப்போதும் தேவையில்லை என்பது உங்களுக்கே தெரியும், கடையில் நிற்கும் பையனுக்கும் சொல்லி வைங்க.

சரி, ஏமாந்தாச்சு. அடுத்து என்ன? இதைத்தான் நான் முக்கியமா பேச வந்தேன்.

பறிபோன பணம் ஒரே இடத்தில் இருக்காது. முதல் கணக்கிலிருந்து நாலைந்து வாடகைக் கணக்குகளுக்குப் பிரியும், அங்கிருந்து ஏடிஎம்மிலோ கிரிப்டோவிலோ வெளியே போயிடும். 1930-க்கு நீங்க பேசினதும் அந்தத் தகவல் சம்பந்தப்பட்ட வங்கிகளுக்குப் போகும். பணம் அந்த நேரத்தில் எந்தக் கணக்கில் நிற்குதோ அங்கேயே முடக்கலாம். வெளியே எடுத்துட்டா முடக்க ஒன்றும் இருக்காது. நம்ம ஆளுங்க என்ன செய்றாங்க? வீட்டில் சொல்லக் கூச்சம். திங்கட்கிழமை மேனேஜரைப் பார்க்கலாம்னு இருந்துடுறாங்க. கூச்சப்பட வேண்டியது திருடன்தானே?

சீக்கிரம் சொல்வதற்கு இன்னொரு பலனும் உண்டு. ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட விதிப்படி, தவறு உங்க பக்கமும் இல்லை, வங்கி பக்கமும் இல்லை என்றால், வங்கியிலிருந்து தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் புகார் சொல்லிட்டா இழப்பு உங்க தலையில் விழாது. ஓடிபியை நீங்களே கொடுத்திருந்தால் அதுவரை போனது உங்க நஷ்டம். ஆனால் வங்கிக்குச் சொன்ன பிறகும் பணம் போனால் அது வங்கியின் பொறுப்பு.

பில்லிங் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்களை ரான்சம்வேர் பூட்டியபோது, அவ்வளவு பெரிய மருத்துவமனையில் ஓபி சீட்டு முதல் கையால் எழுதினார்கள், இரண்டு வாரம் போல. உங்க கடன் நோட்டும் ஸ்டாக் கணக்கும் ஒரே கம்ப்யூட்டரில் இருந்தால்? வாரம் ஒருமுறை தனி ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுங்க. எடுத்ததும் கழற்றி வைங்க. மாட்டியே இருந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிடுவான்.

1930-க்குப் பேசும்போது பணம் போன நேரம், தொகை, வங்கிப் பெயர், யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண் இவையெல்லாம் கையில் இருக்கட்டும். வந்த குறுஞ்செய்தியை அழிக்காதீங்க. பேசி முடித்ததும் தேசிய சைபர்கிரைம் இணையதளத்தில் புகாரைப் பதிவு செய்து எண்ணை வாங்கிக்குங்க. நேரில் போவதென்றால் மேடவாக்கம் தாம்பரம் மாநகரக் காவல் எல்லையில் வருகிறது. ஆனால் போன் முதலில், ஸ்டேஷன் அப்புறம்.