வெயிலுக்கும் ஊர் சேரி உண்டு

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு 'காலநிலை மாற்றமும் பொதுமக்கள் அக்கறையும்'. இதில் 'பொது' என்கிற சொல்லிலிருந்து தொடங்குகிறேன். பொதுக் கிணறு, பொதுக் குளம், பொதுப் பாதை, பொதுச் சுடுகாடு என்று இந்த நாட்டில் எவ்வளவோ 'பொது' இருக்கிறது. அதில் எது நமக்குப் பொதுவாக இருந்தது? மகாத் நகராட்சி சவுதார் குளத்தைத் தீண்டப்படாதோருக்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. தீர்மானம் காகிதத்தில் இருந்தது, குளம் சாதி இந்துக்கள் கையில் இருந்தது. 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் இறங்கி ஒரு கை நீர் அள்ளிக் குடிக்க வேண்டியிருந்தது. அதற்கும் அடி விழுந்தது. ஆகவே 'பூமி எல்லோருக்கும் பொது, அது சூடாவதும் பொது, கவலையும் பொது' என்று யாராவது சொன்னால், நாம் நின்று நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் நகர வேண்டும்.

இதற்காகக் காலநிலை மாற்றம் பொய் என்று சொல்ல வரவில்லை. அது உண்மை. நிலக்கரியும் பெட்ரோலும் எரித்துக் காற்றில் கரியமில வாயுவை ஏற்றிவிட்டார்கள். தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்தது, இன்று 420ஐத் தாண்டிவிட்டது. 2015இல் பாரிஸில் உலக நாடுகள் கூடி, வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்த முயல்வோம் என்று ஒப்புக்கொண்டன. 2024ஆம் ஆண்டின் சராசரியே அந்த அளவைத் தாண்டிவிட்டது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். பெய்யாத வருஷம் காய்ந்து போவதும், பெய்தால் ஒரே நாளில் கொட்டித் தீர்ப்பதும் இதனால்தான் கூடுகிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இது விஞ்ஞானம். இதில் நமக்குச் சண்டை இல்லை. சண்டை அதற்கு அடுத்த இடத்தில் வருகிறது. சூட்டை உண்டாக்கியது யார், அதைச் சுமக்கிறது யார், இழப்பீடு வாங்குகிறது யார்?

உலக அரங்கில் இந்தியா என்ன பேசுகிறது என்று பாருங்கள். 1991இல் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் ஒரு வாதத்தை வைத்தார்கள். உயிர் பிழைக்க அடுப்பெரிக்கிறவனின் புகையும் சொகுசுக்குக் கார் ஓட்டுகிறவனின் புகையும் ஒன்றல்ல, தலைக்கு இவ்வளவு என்று கணக்குப் போட வேண்டும் என்றார்கள். நியாயமான வாதம். இன்றும் ஒரு அமெரிக்கரின் பங்கு வருஷத்துக்குச் சுமார் 14 டன். ஒரு இந்தியரின் பங்கு சுமார் 2 டன். 'நாங்கள் உண்டாக்காத சூட்டை நாங்கள் சுமக்கிறோம், நீங்கள் ஈடு கொடுங்கள்' என்று இந்தியா ஒவ்வொரு மாநாட்டிலும் கேட்கிறது. 2022இல் எகிப்தில் நடந்த மாநாட்டில் இழப்புக்கும் சேதத்துக்கும் தனி நிதி வேண்டும் என்று முடிவானது. 2024இல் பாகுவில் பணக்கார நாடுகளின் பொறுப்பில் வருஷத்துக்கு 300 பில்லியன் டாலர் என்று பேசி முடித்தபோது, அது போதாது என்று இந்தியப் பிரதிநிதி எழுந்து எதிர்த்தார். அமெரிக்க அதிபரோ 2025 ஜனவரியில் பாரிஸ் ஒப்பந்தத்தை விட்டு இரண்டாம் முறையாக வெளியேறுவதாகக் கையெழுத்துப் போட்டார். ஊர்ப் பெரியதனக்காரன் பஞ்சாயத்தை விட்டுத் துண்டை உதறிக்கொண்டு போவானே, அது மாதிரி.

அந்த மாநாட்டில் இந்தியா பேசுவது சேரியின் பேச்சு. 'தலைக்குத் தலை சமமாகக் கணக்குப் பார், பழைய கணக்கையும் சேர்த்துப் பார், ஈடு கொடு.' ஆனால் விமானம் ஏறி ஊருக்குத் திரும்பியதும் ஊர்க்காரனாகிவிடுகிறது. இந்தியரின் தலைக்கு 2 டன் என்ற சராசரி எப்படி இவ்வளவு குறைவாக வந்தது? ஒரே விளக்கு எரிகிற குடிசைகளையும் சேர்த்து வகுத்ததால் வந்தது. நம்முடைய இல்லாமையைக் காட்டி அங்கே நியாயம் கேட்கிறார்கள். ஏழைகளின் பின்னால் பணக்கார இந்தியா ஒளிந்துகொள்கிறது என்று 2007லேயே கிரீன்பீஸ் அமைப்பு ஓர் அறிக்கை போட்டது. அந்த ஏழைகளின் சாதி என்ன என்று நாம் சேர்த்துக் கேட்கிறோம். அங்கே கேட்ட அதே நியாயத்தை இங்கே ஊருக்கும் சேரிக்கும் நடுவில் வைத்துப் பேசு என்கிறோம்.

வைத்துப் பார்ப்போம். 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்து போனது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி மாவட்டங்கள் என்று அரசு அறிவித்தது. ஏக்கருக்கு இவ்வளவு என்று பயிர் நிவாரணம் வந்தது. ஏக்கர் கணக்கு என்றால் ஏக்கர் உள்ளவனுக்குத்தானே? நடவும் களையெடுப்பும் அறுப்பும் இல்லாமல் ஒரு வருஷக் கூலியை இழந்த பெண்ணுக்கு ஏக்கர் ஏது?

2018 நவம்பர் 16, கஜா புயல். நான் டெல்டாக்காரன், அந்தக் காற்றைப் பார்த்தவன். தென்னை போனது பெரிய இழப்புதான், அதை மறுக்கவில்லை. மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. மரத்தை எண்ணினார்கள். அந்தத் தோப்பில் காய் பறித்தவன், மட்டை உரித்தவன், கீற்று முடைந்து அன்றாடம் உலை வைத்தவள், இவர்களுடைய நாட்களை யாரும் அப்படி எண்ணவில்லை. புதுத் தென்னை காய்க்க அஞ்சாறு வருஷம். அதுவரைக்கும் முடைய கீற்று ஏது? நிவாரண வண்டிகள் பெரிய ரோட்டிலேயே காலியாகிவிடும். எங்கள் தெருவுக்கு முதல் வண்டி வந்து சேர்ந்தது நாலாம் நாள். வந்தவர் நல்ல மனுஷன், 'உள்ளே இப்படி ஒரு தெரு இருக்குன்னு யாரும் சொல்லலையே' என்றார். யார் சொல்லுவார்கள்?

2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தை எல்லோரும் பேசுகிறோம். படகு வந்தது, சோறு வந்தது, மனிதநேயம் வந்தது என்று எழுதினார்கள். வெள்ளம் வடிந்த பிறகு நாறிக் கிடந்த நகரத்தை அள்ளிக் கழுவ ஆயிரக்கணக்கான துப்புரவுத் தொழிலாளர்களை வெளிமாவட்டங்களிலிருந்து கொண்டு வந்தார்கள். வெறுங்கையால் அள்ளியவர்களைப் படமாகவே பார்த்தோம். அவர்கள் எந்தச் சாதி என்று சொல்லத் தேவையில்லை. அந்த மனிதநேயத்தின் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. பிறகு கூவம், அடையாறு கரையில் இருந்த குடும்பங்களை 'ஆக்கிரமிப்பு' என்று பெயர்த்துப் பெரும்பாக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் அனுப்பினார்கள். பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி. அந்த வெள்ளத்தில் அதுவும் மூழ்கிய இடம்தான். ஆற்றங்கரையில் மூழ்கியவனைச் சதுப்பில் கொண்டுபோய் மூழ்க வைப்பதற்குப் பெயர் மறுவாழ்வு. அதே சதுப்பைத் தின்று எழுந்த பெரிய கட்டடங்கள் அப்படியே நிற்கின்றன. அவற்றுக்கு 'ஆக்கிரமிப்பு' என்ற சொல் ஒட்டுவதில்லை.

அப்புறம் வெயில். உடம்பு சூடானால் வேர்க்கும், வேர்வை காய்ந்தால் உடம்பு தணியும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வேர்வை காயாது, சூடு உள்ளேயே நிற்கும். கடலோரத்து வயலிலும் உப்பளத்திலும் நிற்கிறவர்களைக் கேளுங்கள், 'வெக்கை உள்ளாற இறங்குது' என்பார்கள். விஞ்ஞானி சொல்வதும் அதுதான். வெப்பத்தினால் 2030இல் இந்தியா 3 கோடியே 40 லட்சம் முழுநேர வேலைக்குச் சமமான உழைப்பு நேரத்தை இழக்கும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019இல் கணக்கிட்டது. அதில் பெரும்பங்கு வயல்வேலை, கட்டட வேலை. இந்த வேலைகளில் வெயிலில் நிற்பது யார், நிழலில் நின்று வேலை வாங்குவது யார் என்பதைச் சாதிதான் வெகுகாலமாகப் பிரித்து வைத்திருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றது. வரவேற்கிறோம். ஆனால் செத்தால்தான் பணம். சாகாமல் இருப்பதற்காகப் பதினொரு மணிக்கு வேலையை நிறுத்தி நிழலுக்கு வந்தவளுக்கு அரைநாள் கூலியை யார் தருவது? இது நடக்க முடியாத விஷயம் இல்லை. குஜராத், ராஜஸ்தான் பக்கம் 'சேவா' பெண்கள் சங்கத்தில், வெப்பம் குறித்த அளவைத் தாண்டியதும் உறுப்பினர்களுக்கு ஒரு தொகை போய்ச் சேரும்படி 2024 கோடையில் செய்து காட்டினார்கள். சங்கம் செய்ததை அரசு செய்யக்கூடாதா?

இப்போது அக்கறைக்கு வருவோம். 'சேரி சனங்களுக்குச் சுற்றுச்சூழல் விழிப்புணர்வு இல்லை' என்கிறார்கள். தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கிறவளுக்கு விழிப்புணர்வு இல்லையாம், குளிரூட்டிய அறையில் கூட்டம் போடுகிறவருக்கு இருக்கிறதாம். நம் மக்கள் அதை வேறு சொல்லில் சொல்கிறார்கள். 'வேலை நாள் குறைஞ்சு போச்சு', 'ராத்திரிகூட வெக்கை அடங்கல', 'தண்ணி உப்பா மாறிப்போச்சு'. இதெல்லாம் காலநிலை மாற்றத்தைப் பற்றிய பேச்சு இல்லையா?

இன்னொரு கூட்டம், பழைய கிராமத்துக்குத் திரும்பினால் பூமி பிழைக்கும் என்கிறது. முன்னோர்கள் கண்மாயைக் காத்தார்கள் என்று உருகுகிறது. தென்மாவட்டங்களில் பல ஊர்களில் மடை திறந்து வயல் வயலாகத் தண்ணீர் பாய்ச்சிய நீர்க்கட்டி நம்மாள். கண்மாயின் நீரோட்டம் முழுக்க அவருக்குத் தெரியும். ஆனால் ஊர்க் கிணற்றில் வாளி போட முடியாது. அந்தக் கிராமத்தைச் சாதியின் கோட்டை என்று கண்டு நிராகரித்தவர் அம்பேத்கர். நமக்குக் கண்மாய் வேண்டும், அந்தக் கிராமம் வேண்டாம். இதை இரண்டாகப் பிரிக்கத் தெரியாத சூழலியல் நமக்கு உதவாது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். தண்ணீர்ப் பஞ்சம் முற்றும் காலத்தில் இந்தக் கை என்னென்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள்.

நம் பக்கத்திலும் ஒரு குரல் இருக்கிறது. 'வன்கொடுமை வழக்கே ஆயிரம் கிடக்கு, இதுல கார்பனைப் பத்தி என்ன பேச்சு?' என்று. தோழர்களே, இது தனிப் பிரச்சனையே இல்லை. நிலப் பிரச்சனைதான் வேறு உருவில் வந்திருக்கிறது. செங்கல்பட்டு கலெக்டர் டிரமன்ஹீர் 1891இல் அறிக்கை எழுதினார், 1892இல் அரசாணை வந்தது, பஞ்சமி நிலம் வந்தது. அதில் எவ்வளவு இன்று நம் கையில் இருக்கிறது? காரணை நிலத்தை மீட்கும் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸும் ஏழுமலையும் உயிர் கொடுத்தார்கள். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் சாகுபடிப் பரப்பில் பட்டியல் சாதியார் கையில் இருப்பது 9 சதவீதத்துக்கும் குறைவு. நிலம் இல்லாதவனுக்குப் பயிர் நிவாரணம் இல்லை, பட்டா இல்லாதவனுக்கு வீட்டு இழப்பீட்டில் இழுபறி, மேட்டு நிலம் கிடைக்காதவனுக்கு முதல் வெள்ளம். பஞ்சமி நிலத்தை மீட்பதைக் காட்டிலும் நல்ல காலநிலைத் திட்டம் சேரிக்கு வேறென்ன இருக்கிறது?

காலநிலை மாற்றத்தின் கேடுகளிலிருந்து காக்கப்படுவது உரிமை என்று 2024இல் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உயிர் வாழும் உரிமையைச் சொல்லும் 21ஆம் பிரிவோடு, சமத்துவத்தைச் சொல்லும் 14ஆம் பிரிவையும் அதற்கு ஆதாரமாக்கியிருக்கிறது. அந்த 14ஐ நாம் கையில் எடுக்க வேண்டும். புயல், வெள்ளம், வெயில் ஆகியவற்றின் சேதக் கணக்கைக் குடியிருப்பு வாரியாக, ஊர் வேறு சேரி வேறாக எடுத்து வெளியிட வேண்டும். நிவாரணம் ஏக்கருக்கும் மரத்துக்கும் மட்டுமில்லாமல் இழந்த கூலி நாளுக்கும் வேண்டும். வெயில் நேரத்தில் வேலையை நிறுத்தினால் கூலி குறையக் கூடாது. பேரிடருக்குப் பிறகு துப்புரவுப் பணிக்கு இயந்திரமும் காப்புடையும் இல்லாமல் ஓர் ஆளும் இறங்கக் கூடாது. சேரிகளுக்கு மேட்டில் மனைப்பட்டா வேண்டும். பஞ்சமி நிலம் திரும்ப வேண்டும். 'பசுமை' என்ற பெயரில் வரும் எந்தத் திட்டமும் நம் நிலத்தையும் புறம்போக்கில் நம் குடியிருப்பையும் கேட்காமல் தொடக் கூடாது.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். இந்த லீவுக்கு ஊருக்குப் போனதும் ஒரு நோட்டு எடுங்கள். ஊர்த்தெரு மேடா, சேரி மேடா? கடைசி வெள்ளத்தில் எந்த வீட்டில் எத்தனை அடி நின்றது? புயல் பாதுகாப்பு மையத்தின் சாவி யார் வீட்டில் இருக்கிறது? போன சித்திரையில் வெயிலால் எத்தனை நாள் கூலி போனது? யார் யார் வேலையிடத்தில் விழுந்தார்கள்? பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள், பெயரும் தேதியும் போட்டு எழுதுங்கள். கணக்கு இல்லாதவன் இழப்பை எந்த அரசும் ஒத்துக்கொள்ளாது. சேரி சேரியாக அந்த நோட்டுகள் சேரட்டும். அதை எடுத்துக்கொண்டுதான் கலெக்டர் ஆபீசுக்குப் போகப் போகிறோம்.

ஜெய்பீம்.