வேட்டைக்காரனுக்கு இரண்டு படம்



மருங்காபுரி ஜமீன் இருந்த ஊர். ஜமீன்தாரும் வெள்ளைக்காரத் துரையும் துப்பாக்கி தூக்கிய காலத்தில் வேட்டை என்றால் வீரம். சுட்ட புலிமேல் கால் வைத்து எடுத்த படம் கூடத்துச் சுவரில் தொங்கியது. இன்று பொங்கல் கழிந்து நம் பக்கத்து ஊர்க்காரன் வலையோடு முயலுக்குப் போனால் அவன் படமும்தான் பத்திரிகையில் வருகிறது. தரையில் குந்தவைத்து, முன்னால் முயலைப் பரப்பி, பின்னால் அதிகாரிகள் நிற்க! இரண்டு படத்திலும் செத்தது விலங்குதானே, ஐயா?

முயல் வேட்டைக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேண்டிய சட்டம்தான். ஜிம் கார்பெட் என்ற துரையும் வேட்டைக்காரர்தான். புலியைக் காக்கவும் குரல் கொடுத்தார். 1957இல் ஒரு தேசியப் பூங்காவுக்கே அவர் பெயரை வைத்தோம். தகும். துரைக்குக் கொடுத்த அந்த இடத்தைக் காடறிந்த ஏழைக்கு ஏன் கொடுக்கவில்லை என்பதுதான் என் கேள்வி.

இருளர்களைப் பாருங்கள். பாம்புத்தோல் வியாபாரத்துக்குப் பாம்பு பிடித்தவர்கள். சட்டம் வந்தது, 1976இல் தோல் ஏற்றுமதியும் நின்றது, அடுப்பு அணைந்தது. பாம்பு ஆய்வாளர் ராமுலஸ் விட்டேக்கர் உடன் நிற்க, 1978இல் அவர்களுக்கொரு கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் இயங்குகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் உயிரோடு பிடிப்பார்கள், விஷம் எடுப்பார்கள், திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். நம் வயலில் ஒருவரைப் பாம்பு தீண்டி, ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுப் பிழைக்கிறார் என்றால், அந்த மருந்துக்குள் பெரும்பாலும் ஓர் இருளர் பிடித்த பாம்பின் விஷம் இருக்கிறது. புற்றைப் பார்த்தே உள்ளே பாம்பு உண்டா இல்லையா என்று சொல்கிற அந்தக் கண், தோலுக்காக அலைந்த நாளில் பழகிய கண்தான்!

இந்த இருளர்களில் மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017இல் புளோரிடாவுக்குப் போனார்கள். அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளை, இரண்டு வாரத்துக்குள் 13 பிடித்துக் கொடுத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ வந்தது. அதுவரை எத்தனை ஏட்டில் அவர்கள் பெயர் வந்தது? கேரளத்துத் தேக்கடியிலும் இதே கதை. மரப்பட்டை உரித்தும் வேட்டையாடியும் வழக்கில் சிக்கியவர்கள் இன்று அதே காட்டில் ரோந்து போகிறார்கள், வழிகாட்டுகிறார்கள்.

நம் மாவட்டத்துத் தேவராயநேரியில் நரிக்குறவர்கள் இருக்கிறார்கள். சினிமா அவர்களை ஆட்டத்துக்கும் சிரிப்புக்கும் வைத்துக்கொண்டது. செய்தி குற்றத்துக்கு வைத்துக்கொண்டது. கவுதாரி போலவே குரல் கொடுத்து அதை அழைக்கத் தெரிந்த இனத்துக்குப் பறவைக் கணக்கெடுப்பில் ஓர் இடம் கிடையாதா?

மேற்கே கடவூர், அய்யலூர் மலைகளில் 2022இல் தேவாங்குக்கு 11,806 ஹெக்டேரில் சரணாலயம் அறிவித்தார்கள். இரவில் மட்டும் நடமாடும் பிராணி அது. இருட்டில் கிளையிலே மின்னும் கண்ணைப் பார்த்து இன்னதென்று சொல்ல, இரவு வேட்டைக்குப் போய்ப் பழகியவனைவிடத் தோதான ஆள் யார்? வனத்துறையார் அவனை வேட்டைத் தடுப்புக் காவலராகச் சேர்த்துக்கொள்ளட்டும், ஒழுங்கான சம்பளத்தோடு.

முன்வரிசையில் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருக்கும் பத்திரிகைத் தம்பிகளே, வழக்குச் செய்தியைப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே அந்த ஆளிடம் இன்னொரு நாள் போய் உட்கார்ந்து, இந்த மலையில் என்ன இருந்தது, எது எப்போது குறைந்தது என்று கேட்டு அதையும் எழுதுங்கள்.