கீழே கிடந்த பணம் யாருடையது?

(வாசகசாலை ஒன்றின் ஆண்டு விழாவில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மிக அற்பமானதென்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். ஒரு கடைக்குப் போகிறோம், தரையில் பணம் கிடக்கிறது, எடுக்கிறோம். அதை என்ன செய்வது? இதுதான் விஷயம். இதற்கு ஒரு பிரசங்கம் வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டுமென்றே சொல்லுவேன். ஏனெனில் ஒருவரும் பாராத சமயத்தில்தான் ஒரு மனிதனுடைய நாணயம் வெளியாகிறது.

முதலில் என் கதையையே சொல்லிவிடுகிறேன். பிறருக்குப் புத்தி சொல்ல வந்தவன் தன்னை ஒளித்துக்கொள்ளக் கூடாதல்லவா? சுமார் 30 வருஷங்களுக்கு முன் ஒரு மளிகைக் கடைக்கு அரிசி வாங்கப் போயிருந்தேன். மூட்டைகளுக்குப் பக்கத்தில் நான்கு 100 ரூபாய் நோட்டுகள் மடித்தபடி கிடந்தன. சுற்றிப் பார்த்தேன், யாரும் கவனிக்கவில்லை. எடுத்து மடியில் செருகிக்கொண்டேன். "நான் திருடவில்லையே, கிடந்ததைத்தானே எடுத்தேன், இது நம் அதிர்ஷ்டம்" என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானம் போதாமல், வழியில் இருந்த கோயில் உண்டியலில் 10 ரூபாயும் போட்டேன்.

ஒரு வாரம் கழித்து மறுபடி அந்தக் கடைக்குப் போனபோது, சாமான் கட்டும் பையனைக் காணோம். விசாரித்தேன். "அவனை அனுப்பிவிட்டேன், தம்பி. மூட்டை இறக்கிய வண்டிக்காரனுக்குக் கொடுக்கச் சொல்லி 400 ரூபாய் கொடுத்தேன். எங்கேயோ விழுந்துவிட்டதென்று கதை சொல்லுகிறான்" என்றார் கடைக்காரர்.

தோழர்களே! அது கதையல்லவென்று அவ்வூரில் அறிந்தவன் நான் ஒருவன்தான். மறுநாள் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து, நடந்ததைச் சொன்னேன். கடைக்காரர் வாங்கிக்கொண்டார். ஆனால் அதற்குள் பையனுடைய குடும்பம் பிழைப்புத் தேடி வேறு ஊர் போய்விட்டது. பணம் திரும்பிற்று, அவன்மேல் ஏறிய திருட்டுப் பட்டம் இறங்கிற்றா இல்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.

நிற்க, நான் அன்று சொல்லிக்கொண்ட சமாதானங்களை இப்போது சற்று ஆராய்ந்து பார்ப்போம். "கடவுள் கொடுத்தார்" என்றால், இழந்தவனிடமிருந்து பிடுங்கினது யார்? சம்பளத்துக்கு மூட்டை சுமக்கும் பையனைத் திருடனாக்கி, அரிசி வாங்க வந்தவனுக்குப் பணம் கொடுப்பதுதான் கடவுளின் வேலையா? உண்டியலில் போட்ட 10 ரூபாய்க்கு என்ன அர்த்தம்? பிறத்தியான் பணத்தில் நான் தர்மவானாக வேஷம் போட்டேன் என்பதும், மீதி 390 ரூபாயை ஜீரணிப்பதற்குக் கமிஷன் கட்டினேன் என்பதும்தானே! முழுப் பணத்தையுமே போட்டிருந்தாலும் பையனுடைய வேலை திரும்பி வந்திருக்குமா?

"யாருடையதென்று தெரியாதே" என்பது அடுத்த சமாதானம். நடுரோட்டில் கிடக்கும் ஒரு ரூபாய்க்கு இது பொருந்தலாம். சட்டம் கூட அப்படித்தான் சொல்லுகிறது. 1860-ம் வருஷத்திய இந்தியன் பினல் கோடில் 403-வது செக்ஷனாக இருந்து, 2024 ஜூலை 1-ந் தேதி முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 314-வது பிரிவாக இருந்துவரும் சட்டம், ரோட்டில் கண்ட ரூபாயைக் கையில் எடுப்பதையே குற்றமென்று சொல்லவில்லை. ஆனால் சொந்தக்காரனை அறிந்த பிறகோ, அறிய வழி இருந்தபோதோ அதை அபகரித்தால் குற்றம். வழி தெரியாவிட்டாலும், தக்க முயற்சி செய்து தேடி, நியாயமான காலம் காத்திராமல் தனதாக்கிக்கொண்டாலும் குற்றம் என்கிறது. அதற்கு இரண்டு வருஷம் வரை சிறைவாசம் உண்டு.

கடையென்றால் வழி இல்லாமலா போகும்? பணத்தைத் தொலைத்தவன் முதலில் எங்கே தேடி வருவான்? கடைசியாக நுழைந்த கடைக்குத்தானே! அங்கே கேட்க ஆளிருக்கிறது; சொல்ல ஆளிருக்கிறது. ஆகவே கடையில் எடுத்த பணத்துக்கு "தெரியாது" என்று சொல்லுவது, தெரிந்துகொள்ள இஷ்டமில்லை என்பதேயாகும்.

"கடைக்காரனிடம் கொடுத்தால் அவனே வாயில் போட்டுக்கொள்ளமாட்டானா?" என்று ஒரு தோழர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இங்கிலாந்தில் இதற்கு ஒரு வழக்கே நடந்திருக்கிறது. ஊர் ஊராய்ச் சென்று வியாபாரம் பிடிக்கும் பிரிட்ஜஸ் என்பவர், ஹாக்ஸ்வொர்த் என்பவருடைய கடைத் தரையில் ஒரு பொட்டலம் நோட்டுகளைக் கண்டெடுத்தார். உடனே கடைக்காரரிடமே கொடுத்து, சொந்தக்காரரைத் தேடச் சொன்னார். பத்திரிகையில் விளம்பரமும் செய்யப்பட்டது. மூன்று வருஷமாகியும் யாரும் வரவில்லை. விளம்பரச் செலவைத் தாமே கொடுப்பதாகச் சொல்லி பிரிட்ஜஸ் பணத்தைக் கேட்டார், கடைக்காரர் மறுத்தார். கீழ்க்கோர்ட்டில் கடைக்காரருக்கு ஜெயம். அப்பீலில், 1851-ல், கண்டெடுத்தவருக்கே தீர்ப்பாயிற்று. என் கடை, என் தரை என்பதற்காகப் பணம் கடைக்காரருக்குச் சொந்தமாகிவிடாது என்றும், உண்மைச் சொந்தக்காரரைத் தவிர மற்றெல்லோரையும்விடக் கண்டெடுத்தவருக்கே அதிகப் பாத்தியதை என்றும் ஏற்பட்டது. ஆனால் அவர் முதலில் மறைக்காமல் கொடுத்தார், மூன்று வருஷம் பொறுத்தார் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இனி வைதீகர்கள், "நரக பயமில்லாவிட்டால் எவன் கண்டதைத் திருப்பிக் கொடுப்பான்?" என்பார்கள். 2019-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியைப் பாருங்கள். 40 தேசங்களில், 355 பட்டணங்களில், 17,000-க்கு மேற்பட்ட பணப்பைகளை, "வழியில் கிடந்தது" என்று சொல்லி பாங்கி, தபாலாபீஸ், ஓட்டல் முதலிய இடங்களில் கொடுத்துப் பார்த்தார்கள். காசில்லாத பைகளில் நூற்றுக்கு 40-க்குச் சொந்தக்காரரைத் தேடிச் செய்தி வந்தது. காசுள்ள பைகளிலோ 51-க்கு வந்தது. மூன்று தேசங்களில் இன்னும் பெருந்தொகை வைத்துப் பார்த்ததில் அது 72 ஆயிற்று! பையில் சாவி இருந்தால், அதாவது இழந்தவனுக்கு மாத்திரமே பயன்படும் பொருள் இருந்தால், இன்னும் அதிகமாகச் செய்தி வந்தது. பிறன் கஷ்டத்தை நினைப்பதும், தான் திருடனாகிவிடக் கூடாதென்ற மானமும் இதற்குக் காரணமென்று ஆராய்ந்தவர்கள் சொல்லுகிறார்கள். மானத்துக்கு எதற்கப்பா நரகம்?

ஆகையால் தோழர்களே, காரியத்தில் செய்யவேண்டியது இதுதான். கடையில் பணத்தைக் கண்டால் நாலு பேர் அறிய எடுங்கள். தொகையை மட்டும் கடைக்காரருக்கு ரகசியமாகச் சொல்லி, எண்ணிக் கொடுத்து, உங்கள் பெயர் விலாசத்தையும் எழுதிக் கொடுங்கள். தேடி வருகிறவன் தொகையையும் நோட்டு வகையையும் தானே சொல்லட்டும். கடைக்காரரிடம் நம்பிக்கையில்லையானால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். கடை வைத்திருக்கும் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை: பணம் குறைந்தவுடன் சம்பளக்காரன்மீது பாயாதீர்கள், பணம் கீழே விழுவதும் உண்டு, அதை என்னைப்போன்ற யோக்கியர்கள் எடுத்துப்போவதும் உண்டு.

நான் சொன்னதெல்லாம் சரியென்று உடனே ஒப்புக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குப் போய், பணத்தை இழந்தவன் நானாக இருந்தால், அந்தப் பையன் என் மகனாக இருந்தால், என்று நிதானமாக யோசித்துப் பாருங்கள். அப்பொழுது உங்கள் அறிவுக்கு எது சரியென்று படுகிறதோ அதன்படி நடவுங்கள் என்று கேட்டுக்கொண்டு என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.