இணைப்பு வண்டி

(பழைய மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நீதான் லாரி புக்கிங் ஆபீஸ் வெச்சிருக்கியே, வெளிநாட்டுக்கு ரயில்ல போனதைப் பத்திப் பத்து நிமிஷம் பேசு" என்றார் நம் செயலாளர். "நாமக்கல்லுல இருந்து வெளிநாட்டுக்கு ரயிலா?" என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. ஆனால் ஒரு காலத்தில் இருந்ததுங்க. எழும்பூரில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடி. அங்கே கப்பல். கரையேறினால் தலைமன்னாரில் கொழும்பு ரயில். 1914-ல் பாம்பன் பாலம் திறந்தபோது வந்த ஏற்பாடு அது.

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. கப்பல் ராமேஸ்வரத்துக்கு மாறியது. அதே ஆண்டு அக்டோபரில்தான் சிரிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்படி இந்தியா வந்த தோட்டத் தொழிலாளர்களில் என் அப்பாவும் ஒருவர். 1972-ல் ஹட்டன் பக்கத்து லயத்திலிருந்து புறப்பட்டு, தலைமன்னாரில் கப்பலேறி, ராமேஸ்வரத்தில் இறங்கினார். நாமக்கல்லுக்கு அன்றைக்கு ரயில் ஏது? சேலம்–கரூர் பாதை நம் ஊர் வழியாக வந்ததே 2013-ல்தானே! பஸ்ஸில் வந்து லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். அவருடைய ஒரே தங்கச்சி, என் அத்தை, மாமாவோடு அங்கேயே நின்றுவிட்டார்.

"சாகறதுக்குள்ள ஒரு தடவை போகணும். பிளேன் வேண்டாம்ப்பா, வந்த மாதிரியே ரயிலும் கப்பலுமாப் போகணும்" என்பார் அப்பா. ராமேஸ்வரம் கப்பல் நின்று பல வருஷமாச்சு. 2023 அக்டோபர் 14-ல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டார்கள். பேப்பரை வெட்டி என் மேஜையில் வைத்தார். நான் என்ன செய்தேன்? "தீபாவளி லோடு முடியட்டுங்கப்பா" என்றேன். மழைக்காலம் என்று ஒரே வாரத்தில் கப்பலை நிறுத்திவிட்டார்கள். 2024 ஜனவரியில் மாமா காலமானார். அப்பாவுக்கு அவர் மச்சான் மட்டுமில்லை. ஒரே திண்ணையில் வளர்ந்த கூட்டாளி. அப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம்.

2024 ஆகஸ்ட் 16-ல் மறுபடி கப்பல் ஓடியது. இப்போது வேறொரு தடை. இலங்கையின் வடக்குப் பாதையில் மாஹோ–அநுராதபுரம் இடையே தண்டவாளம் புதுப்பிக்கும் வேலை. ஜனவரியிலிருந்து யாழ்ப்பாணம்–கொழும்பு நேரடி ரயில் இல்லை. "லைன் திறந்ததும் போலாங்கப்பா, முழுக்க ரயில்லயே போலாம்" என்றேன். அப்பா சொன்னார்: "பாதை நல்லாகிடும் தம்பி. அது வரைக்கும் ஆளு இருக்கணுமே."

அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து திட்டம் போட்டேன். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில், வண்டி எத்தனை மணிக்கு என்று பார்க்காதீர்கள். வண்டி உண்டா என்று பாருங்கள். "பொறியியல் பணி காரணமாக பகுதி ரத்து" என்று பேப்பர் மூலையில் போடுவதைத்தான் முதலில் படிக்க வேண்டும். இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. ஜெர்மனியில் பிராங்க்பர்ட்–மான்ஹைம் பாதையை 2024 ஜூலை முதல் டிசம்பர் வரை அப்படியே மூடிவிட்டு வேலை பார்த்தார்கள். தெரிந்துகொண்டு போனவர் சுற்றுவழியில் போனார். தெரியாதவர் ஸ்டேஷனில் நின்றார்.

இரண்டாவது, தவறவே கூடாதது எதுவோ அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். எங்களுக்கு அது கப்பல். நாம் எடுப்பது தனித்தனி டிக்கெட். நம் ரயில் லேட் என்று கப்பல் காத்திருக்காது. அதனால் ஒரு நாள் முன்னதாகவே நாகப்பட்டினம் போய்விடுவது என்று வைத்துக்கொண்டேன். அந்த ஒரு நாள்தான் காப்பாற்றியது. புறப்படுகிற அன்று எங்கள் வண்டி பாதை வேலைக்காகக் கரூரோடு நிறுத்தம் என்றார்கள். திருச்சி வரை பஸ், அப்புறம் ரயில். நாகையில் லாட்ஜில் நிம்மதியாகத் தூங்கிக் காலையில் கப்பலேறினோம்.

மூன்றாவது, இல்லாத ரயிலுக்குப் பதில் என்ன என்பதைக் கிளம்புமுன் முடிவு செய்யுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு பஸ் என்று முன்பே தீர்மானித்திருந்தேன். அப்பா முகம் சுளித்தார். ஆனால் கண்டியிலிருந்து மலை ரயில் ஏறியதும் என் கையை உதறிவிட்டுக் கதவோரம் போய் நின்றுகொண்டார். எண்பது வயசு! ஒவ்வொரு ஸ்டேஷன் பேரையும் வண்டி நிற்குமுன்னே சொன்னார்.

ஹட்டன் பிளாட்பாரத்தில் அத்தை நின்றிருந்தார். அம்பத்திரண்டு வருஷம் கழித்துப் பார்க்கிறார். அண்ணனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றே ஒன்று: "ஏண்ணே, ரயிலு லேட்டா?"

நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன். தீபாவளி லோடு ஞாபகம் வந்தது.

நாங்கள் திரும்பி வந்தபின், அக்டோபர் கடைசியில் வடக்குப் பாதை திறந்தது. 2022 டிசம்பரில் ரயில் நின்றுபோன பாம்பனில் 2025 ஏப்ரல் 6-ல் புதுப் பாலமும் வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்து, அப்பா கதவோரம் நின்று போன மலைப்பாதையைப் பல இடங்களில் மண்சரிவால் சிதைத்துவிட்டது. மூடின பாதை திறக்கும், திறந்த பாதையும் மூடும். இடையில் கிடைக்கிற நாளில் போய்விட வேண்டியதுதான்.

நண்பர்களே, இன்றைக்கு வராதவர்கள் பலர் "அடுத்த கூடுகைக்கு வர்றோம்" என்று போனில் சொன்னார்களாம். அவர்களுக்கு இந்த மலரை அனுப்பும்போது என் பக்கத்தை மட்டும் மடித்து வைத்து அனுப்பும்படி செயலாளரைக் கேட்டுக்கொள்கிறேன்.