நடுவில் நிற்கும் படை

யான் வாழும் திருத்தணி எல்லைப்புறத்து ஊர். மொழிவழி மாநிலங்கள் அமைந்த காலத்தில் இஃது ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. கிளர்ச்சி எழுந்தது, சிறை சென்றோரும் உண்டு. ஈற்றில் படாஸ்கர் என்னும் நடுவரை இரு மாநிலங்களும் ஏற்றன. அவர் பரிந்துரைத்தவாறு 1960 ஏப்ரல் முதல் நாளன்று இவ்வூர் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. இரு தரப்பாரும் இசைந்தமையால் இங்கே காவலுக்கு ஒரு படைவீரரும் வேண்டியதாயிற்றில்லை.

நாடுகளுக்கிடையே அத்தகைய இசைவு எளிதிற் கிட்டுவதன்று. போர் ஓய்ந்தும் பகை ஓயாத இடங்களில் நடுவே நிறுத்தப்படும் அமைதிப் படைகளைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

ஐக்கிய நாடுகள் சபை 1948இல் பாலஸ்தீனத்திற்கு ஆயுதமில்லாப் பார்வையாளரை அனுப்பியது. படையாகவே அனுப்பியது 1956இல், சூயஸ் நெருக்கடியின்போதுதான். கனடாவின் லெஸ்டர் பியர்சன் வகுத்த யோசனைக்குப் பொதுச் செயலாளர் ஹாமர்ஷீல்டு உருவம் தந்தார். பல நாட்டு வீரரையும் வேறுபடுத்திக் காட்டத் தலைக்கவசங்களுக்கு நீல வண்ணம் பூசினர். கனடா அனுப்ப முன்வந்த காலாட்படைப் பிரிவின் பெயரும் உடையும் ஆங்கிலேயரை நினைவூட்டுகின்றன என்று எகிப்து மறுத்துவிட்டது. வேடிக்கையாகத் தோன்றலாம், ஆயினும் வீட்டுக்காரர் இசையாமல் காவலர் உள்ளே நுழைய இயலாது என்பதே இப்படைகளின் முதல் விதி.

அப்படையில் இந்திய வீரரும் பத்தாண்டுகளுக்கு மேல் காஜாவில் காவல் புரிந்தனர். 1967 மே மாதம் எகிப்து, ‘வெளியேறுக’ என்றது. அப்போதைய படைத்தலைவர் இந்தியரான ரிக்கி. பொதுச் செயலாளர் ஊ தாண்ட் படையைத் திரும்பப் பெற உடன்பட்டார். அது முற்றும் புறப்படுமுன்னரே, ஜூன் 5ஆம் நாள் போர் மூண்டது. இந்திய வீரர் சிலர் அங்கேயே மாண்டனர். அதற்கு முன்னரே, 1961இல் காங்கோவில் காப்டன் குர்பச்சன் சிங் சலாரியா உயிர் நீத்துப் பரம வீர சக்கரம் பெற்றார்.

இனி, நமக்கு மிக அண்மையில் நிகழ்ந்ததைச் சொல்ல வேண்டும். 1987 ஜூலை 29ஆம் நாள் கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் உடன்படிக்கை செய்துகொண்டனர். அதன்படி சென்ற இந்திய அமைதி காக்கும் படை ஐக்கிய நாடுகள் சபையின் படையன்று. நீலக் கவசம் அதற்கில்லை. சிங்கள மக்களிடையே சினம் மூண்டது. மறுநாள் அணிவகுப்பு மரியாதையின்போதே கடற்படை வீரர் ஒருவர் துப்பாக்கிக் கட்டையால் நம் பிரதமரைத் தாக்கினார். விடுதலைப் புலிகளோ உடன்படிக்கையில் ஒப்பமிட்டவரல்லர். எனினும் அவர்களிடமிருந்து ஆயுதங்களைப் பெறும் பணி நம் படையின்மேல் விழுந்தது. அக்டோபர் மாதம் காவல் போராக மாறிற்று. அம்மாதம் 21, 22 தேதிகளில் யாழ்ப்பாண மருத்துவமனையில் நோயாளரும் மருத்துவரும் தாதியரும் நம் படையினரால் கொல்லப்பட்டனர். கூறக் கசப்பாயினும் மறைத்தற்குரியதன்று.

அப்போது யான் இளம் ஆசிரியன். வரலாற்று வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, நம் படை அங்கே யாரைக் காக்கிறது?” என்று வினவினான். பாடப் புத்தகத்தைப் புரட்டினேன். பிறகு, “உட்கார்” என்றேன். ஆசிரியப் பயிற்சியில் கற்பித்த முறைகளுள் அஃது இல்லை.

1989இல் அதிபர் பிரேமதாசா நம் படை வெளியேற வேண்டுமென்றார். முன்னர் அழைத்த அரசே இப்போது விலக்கியது. 1990 மார்ச்சு 24ஆம் நாள் கடைசி அணி புறப்பட்டது. ஏறத்தாழ 1,200 வீரர் மாண்டிருந்தனர். சென்னைத் துறைமுகத்திலும் வரவேற்பு குளிர்ந்தே இருந்தது. கொழும்பை அடுத்த கோட்டையில், நாடாளுமன்றத்திற்கு அருகே அவர்களுக்கு இன்று ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது.

அம்மாணவருக்கு இப்போது ஐம்பது வயதிருக்கும். மீண்டும் கேட்பாராயின், அந்த உடன்படிக்கையின் அடியில் இருந்த ஒப்பங்கள் இரண்டென்றும், போரிட்ட தரப்புகள் அவற்றினும் மிகுதி என்றுமாவது விடை கூறுவேன்.