முகம் நேரானால் போதுமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பார்கள். மனிதர்களுக்கு அது பொருந்தலாம். ஆனால், முன்பக்கம் மோதிப் பழுதுபார்க்கப்பட்ட ஒரு பழைய காருக்கு அது பொருந்தாது. முகம் புதுமணப்பெண்போல் பளபளக்கும். உள்ளே எலும்பு முறிந்திருக்கும். அந்தக் காரை நம்பி நாளை ஒருவர் குடும்பத்தோடு ஏறி அமர்வார். ஆகவே இது அழகைப் பற்றிய பேச்சு அல்ல. உயிரைப் பற்றிய பேச்சு.

இதை விளங்கிக்கொள்ள ஏற்ற எடுத்துக்காட்டு, ஜாகுவார் ஈ-டைப் என்ற ஸ்போர்ட்ஸ் கார்.

1961 மார்ச் மாதம் ஜெனீவா மோட்டார் கண்காட்சியில் இந்தக் கார் அறிமுகமானது. அதில் ஏறிப் பார்க்கப் பலரும் முண்டியடித்தார்கள். ஒரு கார் போதாமல், சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸ், இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரிலிருந்து இன்னொரு காரை இரவோடு இரவாக ஓட்டி வந்து சேர்த்தார். அதன் உருவத்தை வரைந்த மால்கம் சேயர் விமானத் தொழிலில் பயின்றவர். உற்பத்தி 1974இல் நின்றது. அதற்குள் 70 ஆயிரத்துக்கும் அதிகமான கார்கள் விற்றிருந்தன. 1996இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் ஒரு ஈ-டைப் காரைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது.

உள்ளிருக்கும் எலும்புக்கூடு

இந்தக் காரின் நடுப்பகுதியும் பின்பகுதியும் எஃகுத் தகட்டால் ஆன ஒரே பெட்டி. முன்பகுதி அப்படியல்ல. மெல்லிய சதுரக் குழாய்களை இணைத்த ஒரு கூடு, அந்தப் பெட்டியின் முன்சுவரில் போல்ட்டுகளால் பூட்டப்பட்டிருக்கிறது. எஞ்சின், முன்சக்கரங்கள், ஸ்டீயரிங், ரேடியேட்டர், நீண்ட போனட் ஆகிய அனைத்தையும் அந்தக் கூடுதான் தாங்குகிறது. 1955 முதல் 1957 வரை தொடர்ந்து மூன்று ஆண்டுகள் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற டி-டைப் காரிலிருந்து வந்த அமைப்பு இது.

குழாய்கள், சைக்கிள் குழாய்களுக்குப் பெயர்பெற்ற ரெனால்ட்ஸ் நிறுவனத்தின் தயாரிப்பு. மூட்டுகள் வெல்டிங் செய்யப்படவில்லை. பித்தளை போன்ற உலோகத்தை உருக்கி ஒட்டப்பட்டவை. எடை குறைவு, வலிமை அதிகம். ஆனால், ஒருமுறை வளைந்தால் அந்த வலிமை போய்விடும்.

முன்பக்கம் மோதும்போது முதலில் நசுங்குவது போனட். எல்லோர் கண்ணும் அங்கேதான் போகும். ஆனால் அடி அங்கே நிற்பதில்லை. குழாய்களின் வழியே பின்னோக்கிப் பாய்ந்து, போல்ட் துளைகளை நீளமாக்கி, முன்சுவரையும் தரையையும் கசக்கிவிட்டுத்தான் ஓய்கிறது.

முதல் வேலை சுத்தியல் அல்ல

அதனால் நல்ல பட்டறைக்காரர் முதலில் எடுப்பது சுத்தியல் அல்ல, அளவுகோல். போனட்டையும் ரேடியேட்டரையும் எஞ்சினையும் கழற்றி வைத்துவிட்டு, காரின் நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் அளக்கிறார். குறுக்கு மூலைகளை அளந்து ஒப்பிடுகிறார். இரண்டு மூலைவிட்டங்களுக்கும் இடையே சில மில்லிமீட்டர் வேறுபாடு தெரிந்தாலும் கூடு கோணிவிட்டது என்று பொருள். ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து வைக்கிறார்.

வளைந்த குழாயைச் சூடேற்றி நிமிர்த்துவது மலிவான வழி. விரிசலின் மேல் வெல்டிங் போடுவதும் அப்படியே. இரண்டுமே ஆபத்தான சிக்கனம். குழாய் நேராகத் தெரியும்; சூடுபட்ட இடத்தில் பலவீனம் ஒளிந்திருக்கும். உள்ளே துரு அரித்திருந்தால் அதுவும் வெளியே தெரியாது. சேதமடைந்த சட்டத்தை முழுமையாக மாற்றுவதே முறை. போல்ட்டுகளால் பூட்டிய கூடு என்பதால் அதற்கு வழியும் இருக்கிறது.

முன்சக்கரங்களைத் தாங்கும் முறுக்குக் கம்பிகளிலும் கவனம் வேண்டும். இடப்பக்கக் கம்பியை வலப்பக்கம் மாட்டக் கூடாது. அதன்மேல் விழும் ஒரு சிறு கீறல்கூடப் பின்னாளில் முறிவாக மாறலாம்.

எண் சொல்லும் உண்மை

இங்கேதான் ஒரு தர்மசங்கடம் வருகிறது. கூட்டின் முன்புறத்தில் நிற்கும் சட்டம், பார்ப்பதற்குப் படச்சட்டம் போலிருப்பதால் அதற்குப் ‘பிக்சர் பிரேம்’ என்றே பெயர். காரின் சேசிஸ் எண் பொறிக்கப்பட்டிருப்பது அதில்தான். அதாவது, முன்மோதலில் எளிதில் அடிபடும் பாகமே காரின் பிறப்புச் சான்றிதழாகவும் இருக்கிறது.

அசல் எண் கொண்ட காருக்கு மதிப்பு அதிகம். அதனால், கோணிய சட்டத்தையே எப்படியாவது நிமிர்த்தி மாட்டிவிடலாம் என்று உரிமையாளருக்குத் தோன்றும். மதிப்பைக் காப்பாற்றப் பாதுகாப்பை விற்பதா? இன்னொரு தவறும் உண்டு. புதிய சட்டத்தில் பழைய எண்ணைத் தாமே பொறித்துவிட்டு வாய்மூடி இருப்பது. அது வாங்குபவரை ஏமாற்றும் செயல். பல நாடுகளில் குற்றமும் ஆகும்.

நேர்மையான வழி எளிமையானது. வேலையைத் தொடங்குமுன் வாகனப் பதிவு அலுவலகத்திலும் காப்புறுதி நிறுவனத்திலும் தெரிவித்து, விதி என்னவென்று எழுத்தில் பெறுவது; பழைய சட்டத்தை எறியாமல் படத்தோடும் ரசீதோடும் பாதுகாப்பது; விற்கும் நாளில் அனைத்தையும் வாங்குபவர் முன் வைப்பது. இப்படி ஆவணம் உள்ள காரை, விவரம் தெரிந்தவர்கள் நம்பி வாங்குவார்கள்.

கடைசியில்தான் அழகு

கூடு நேரான பிறகே போனட்டின் முறை வரும். அன்று தொழிற்சாலையில் இந்தக் கார்களின் இணைப்புகளை ஈயம் பூசிக் கையால் இழைத்து முடித்தார்கள். ஆகவே ஒரு காரின் போனட் இன்னொரு காருக்கு அப்படியே பொருந்தாது. முதலில் கதவுகளைச் சரிசெய்து, பிறகு கீல்களில் மெல்லிய தகடு வைத்து, இடைவெளி ஒரே சீராக வரும்வரை பொறுமையாகப் பொருத்த வேண்டும். வண்ணம் அதற்குப் பிறகுதான். சாலையில் இறக்குமுன் ஸ்டீயரிங், பிரேக் குழாய்கள், சக்கரக் கோணம் ஆகியவற்றை மீண்டும் சோதிக்க வேண்டும். காற்றுப்பை இல்லாத காலத்துக் கார் இது. ஓட்டுபவருக்கு அரணாக நிற்பது அந்தக் குழாய்க் கூடுதான்.

நேயர்களே, பளபளப்பைக் கண்டு பட்டறைக்காரரைப் பாராட்டுவது எளிது. போனட்டைத் திறந்து, “அளந்த கணக்கைக் காட்டுங்கள்” என்று கேட்பவரே விவரமான உரிமையாளர். அந்தக் கேள்விக்குத் தயங்காமல் தாளை எடுத்து நீட்டுபவரே நல்ல தொழிலாளி.