மண்ணரை நூலும் நரிமணம் எண்ணெயும்

பாலியஸ்டர் நூலின் பிறப்பிடம் கச்சா எண்ணெய். எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது கிடைக்கும் நாப்தாவிலிருந்து பாராசைலீன், அதிலிருந்து டெரெப்தாலிக் அமிலம், பிறகு இழை என்று அது படிப்படியாக வருகிறது. மண்ணரை போன்ற திருப்பூர்ப் பகுதிகளில் பின்னப்படும் விளையாட்டு உடைகளின் அடக்கவிலையில் எண்ணெய்ச் சந்தைக்கும் பங்கு உண்டு. அந்தச் சந்தை நிலையானதல்ல. 2020 ஏப்ரல் 20 அன்று அமெரிக்க எண்ணெயின் முன்பேர விலை பூஜ்யத்துக்கும் கீழே இறங்கியது. விற்பவரே பணம் கொடுத்துச் சரக்கைத் தள்ளிவிட்ட விசித்திர நாள் அது. இரண்டே ஆண்டுகளில், உக்ரைன் போரையொட்டி, பீப்பாய் 100 டாலரைத் தாண்டியது.

தமிழ்நாட்டிலும் எண்ணெய் உண்டு. நாகப்பட்டினம் அருகே நரிமணத்திலும் திருவாரூர், குத்தாலம் வட்டாரங்களிலும் ஓ.என்.ஜி.சி. எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கிறது. நரிமணம் எண்ணெய்க்காகவே பனங்குடியில் 1993-இல் ஒரு சுத்திகரிப்பு ஆலை வந்தது. ஆனால் வயலுக்கு நடுவே துளையிடுவதால் நிலத்தடி நீர் கெடும் என்ற அச்சம் வளர்ந்தது. 2017-இல் நெடுவாசலில், எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து ஊரே திரண்டது. 2020-இல் காவிரி டெல்டா பகுதியைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் நிறைவேறியது. அது புதிய கிணறுகளைத் தடுக்கிறது. ஏற்கெனவே இயங்கியவற்றைத் தொடவில்லை. சட்டத்தின் பெரிய இடைவெளி அதுதான்.

எண்ணெய் விலையைப் போலவே, கார்பன் உமிழ்வைக் குறைக்கும் கொள்கையும் வேறு வழியாகத் திருப்பூருக்கு வருகிறது. ஐரோப்பாவின் எல்லைக் கார்பன் வரி, முதல் கட்டத்தில் இரும்பு, சிமென்ட், அலுமினியம் போன்றவற்றுக்கே. ஆடை அதில் இல்லை. இந்தியா 2023-இல் அறிவித்த கார்பன் வரவு வணிகத் திட்டத்தில் ஜவுளித் துறைக்கும் இடமுண்டு.